பெற்றோரின் விவாகப் பதிவைத் தேடுவதும், மூன்று வார லீவில் பதிவுத் திருமணம் முடிப்பதும்

தம்பி, நீங்கள் கேட்டது ஒரு கேள்வியல்ல, இரண்டு. வாசிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் சுருக்கிச் சொல்கிறேன். நீங்கள் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கட்டாரில் வேலை செய்கிறீர்கள். அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்துக்கு அம்மா விண்ணப்பிக்கப் போனபோது விவாகச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் அப்படியொரு கடதாசி இல்லை. 1978இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியது மட்டும்தான் அம்மாவுக்கு ஞாபகம். இது ஒன்று. வருகிற லீவில், லிந்துலைப் பக்கத்தில் பேசி முடித்த பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்ய வேண்டும், லீவோ மூன்றே வாரம், 'லைசன்ஸ்' எடுப்பது எப்படி என்பது மற்றது.

நான் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். சமாதான நீதவான் என்பதால் சத்தியக்கடதாசிக்கும் விண்ணப்பத்துக்கும் ஆட்கள் வீடு தேடி வருவார்கள். அப்படி வந்தவர்களோடு கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்துக்கும் அலைந்து படித்ததைத்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் விஷயத்தை முதலில் பார்ப்போம். கல்யாணம் நடந்ததா என்பது ஒரு கேள்வி, பதிவு நடந்ததா என்பது வேறு கேள்வி. நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு கவுண்டருக்குப் போய், 'இல்லை' என்ற ஒரு சொல்லோடு திரும்பி வருகிறார்கள். முஸ்லிம்களுக்கும், கண்டியச் சட்டத்தின் கீழ் மணம் முடிக்கும் சிங்களவருக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. மற்ற எல்லோருக்கும் 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான். கண்டியிலோ மாத்தளையிலோ பிறந்திருந்தாலும் மலையகத் தமிழருக்கு உரியது இந்தப் பொதுச் சட்டமே. பதிவு செய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு திருமணம் இல்லாமல் போய்விடும் என்று அது சொல்லவில்லை. ஐயர் வைத்தோ பெரியவர்கள் முன்னிலையிலோ முறைப்படி தாலி கட்டி, ஊரறியப் புருஷன் பெண்சாதியாக வாழ்ந்தவர்களின் திருமணத்தை நீதிமன்றங்கள் ஏற்று வந்திருக்கின்றன. ஆனால் பதிவுப் புத்தகத்தில் இருக்கும் வரிதான் மிகச் சிறந்த சாட்சி. அந்த வரி இருந்தால் வேறொன்றும் வேண்டியதில்லை. இல்லாவிட்டால் பத்துச் சாட்சி தேட வேண்டும்.

ஆகவே தேடத் தொடங்குமுன், உங்களுடையதும் கூடப் பிறந்தவர்களுடையதுமான பிறப்புச் சான்றிதழ்களை எடுத்து வையுங்கள். பழைய படிவத்தில் 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?' என்று ஒரு கூடு இருக்கும். எல்லாப் பிள்ளைகளின் பத்திரத்திலும் அதை வரிசையாகப் பாருங்கள். மூத்தவருக்கு 'இல்லை' என்றும் அடுத்தவருக்கு 'ஆம்' என்றும் எழுதியிருந்தால், அந்த இரண்டு பிறப்புக்கும் இடையில்தான் பதிவு நடந்திருக்கக் கூடும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல துப்பு கிடையாது. அதே பத்திரத்தில் பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் பெயர், பிறந்த வருடம், இடம் என்று இன்னொரு கூடும் இருக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன், பூட்டன் பிறந்த இடத்தைக் கேட்டது. அதனால் வந்த கூடு அது. நம் சனத்தை நாடற்றவர்களாக்கிய சட்டத்தின் தழும்பு அது, ஆனாலும் குடும்ப வேர் தேடுகிறவருக்கு இன்று அதுதான் கை கொடுக்கிறது.

அடுத்தது தேதி. தாலி கட்டிய தேதியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மாவோடு கினிகத்தேனையில் உள்ள பிரதேச செயலகத்துக்குப் போனேன். கோயிலில் கல்யாணம் 1971 ஆவணியில் என்று உறுதியாகச் சொன்னார். 1971ஆம், 1972ஆம் வருடப் பதிவுகளைத் தேடக் காசு கட்டினோம், கிடைக்கவில்லை. இரண்டாம் தடவை 1970, 1973. அதிலும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில், தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "மூத்தவள ஸ்கூல்ல சேக்குறப்போதான் ஒரு ரெஜிஸ்தர் ஐயா ஆபீசுக்கு வந்து எங்க ரெண்டு பேருகிட்டயும் கைநாட்டு வாங்குனாரு." மூத்த மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடத்தைக் கணக்குப் பார்த்தோம். மூன்றாம் தடவை போனபோது பதிவு அப்படியே இருந்தது. கனத்த பழைய புத்தகம், ஓரம் எல்லாம் மஞ்சள், ஊதா மையில் இரண்டு கைநாட்டு, அதற்குக் கீழே சாட்சிகளாகத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் கையெழுத்தும் இன்னொருவரின் கையெழுத்தும். அந்த அம்மா தன் புருஷனின் கைரேகையின் மேல் விரலை வைக்கப் போய், புத்தகம் அழுக்காகிவிடும் என்று கையை இழுத்துக்கொண்டார். அலுமாரிச் சாவியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற பெண் லிகிதர், "பரவாயில்ல, தொடுங்க அம்மா" என்றார்.

அதனால் அம்மாவிடம் 'எப்போது கல்யாணம்?' என்று கேட்காதீர்கள். 'எப்போதாவது ரெஜிஸ்தர் ஐயா முன்னாடி கையெழுத்தோ கைநாட்டோ வைத்தீர்களா? அப்போது யார் கைக்குழந்தை? எந்தத் துரை இருந்தார்? எந்த லயத்தில் இருந்தோம்?' என்று கேளுங்கள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட காலம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த காலம், வேறு தோட்டத்துக்குப் பேர் மாற்றிய காலம், வீடு கிடைத்த காலம் எல்லாம் பதிவு செய்யும் தேவை வந்த காலங்கள். நம் பெரியவர்களுக்கு வருடம் மறந்துபோகும். எந்தப் பிள்ளை இடுப்பில் இருந்தது என்பது மறக்காது.

இனி எங்கே தேடுவது. விவாகப் பதிவு ஆளின் பெயரைப் பின்தொடர்ந்து வராது. எந்தப் பதிவாளர் பிரிவில் பதிந்தார்களோ, அந்தப் பிரிவின் புத்தகத்தில், அந்த இலக்கத்தில் அங்கேயே இருக்கும். அம்மா பிறந்த தோட்டம் வேறு, அப்பாவின் தோட்டம் வேறு என்றால் இரண்டு பிரிவையும் கேட்க வேண்டும். உங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் நெடுங்காலம் நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை என்று ஐந்தே பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன. ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவ எல்லாம் அம்பகமுவவுக்குள் அடக்கம், அதற்கு அலுவலகம் கினிகத்தேனையில். பொகவந்தலாவ உச்சியிலிருந்து ஒரு பத்திரம் எடுக்க அவ்வளவு தூரம் இறங்க வேண்டியிருந்தது. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும், பஸ் காசு வேறு. பிறகு அம்பகமுவவைப் பிரித்து நோர்வூட் என்றும், நுவரெலியாவைப் பிரித்துத் தலவாக்கலை என்றும் புதிய பிரிவுகள் வந்தன. ஆகவே இன்று நோர்வூட்டைச் சேர்ந்த தோட்டமென்றாலும், 1978இலோ 1985இலோ எழுதிய புத்தகம் எங்கே இருக்கிறது என்று முதலில் தொலைபேசியில் கேட்டு அறிந்துகொண்டு அம்மாவை அனுப்புங்கள். ஒரு தொலைபேசி அழைப்பால் அம்மாவுக்கு ஒரு நாள் அலைச்சல் மிச்சம்.

கணினியில் ஏற்றப்பட்ட பதிவென்றால் அந்தப் பிரிவுக்கே போக வேண்டியதில்லை. வேறு பிரதேச செயலகத்திலும், இணையவழியாகவும் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். பழையவற்றுக்குப் புத்தகம் இருக்கும் இடம்தான். ஒரு ஆறுதலும் உண்டு. விவாகப் பதிவு ஒரே பிரதியாக இருப்பதில்லை. பதிவாளர் தன் புத்தகத்தில் எழுதும்போதே இரண்டாவது பிரதியும் எழுதி மேலே அனுப்ப வேண்டும். கீழே புத்தகம் பழுதடைந்திருந்தாலோ பக்கம் கிழிந்திருந்தாலோ, பத்தரமுல்லையில் தலைமையகம் உள்ள பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் ஊடாக அந்த இரண்டாவது பிரதியைத் தேடிக் கேட்கலாம். 'புத்தகம் பழுது' என்று யாராவது சொன்னால் அத்தோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

விண்ணப்பப் படிவம் கவுண்டரிலேயே கிடைக்கும். மாப்பிள்ளை பெயர், பெண்ணின் பெயர், இருவரின் தந்தை பெயர், பதிந்த இடம், தேதி, தெரிந்தால் பதிவிலக்கம். இலக்கமும் தேதியும் தெரிந்தால் கட்டணம் குறைவு. தெரியாமல் தேடச் சொன்னால், தேடும் காலத்துக்கு ஏற்பக் கூடும். அதனால்தான் பிறப்புச் சான்றிதழ்களை வைத்து வருடத்தை முதலில் சுருக்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

பெயர் எழுத்து விஷயத்தை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கிடைக்கவில்லை என்று முடிந்த தேடல்களில் பல உண்மையில் வேறு எழுத்தில் கிடந்தவை. பழைய பதிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதப்பட்டவை. சிங்களத்தில் 'ழ' கிடையாது. அழகம்மா அலகம்மாவாகவும், பழனியாண்டி பலனியாண்டியாகவும் ஆகிவிடுவார்கள். கருப்பையா என்பவர் ஒரு புத்தகத்தில் கருப்பன், இன்னொன்றில் கருப்பையா, அடையாள அட்டையில் கறுப்பையா. மாரியாயி, மாரியாய், மாரியம்மா மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம். தந்தை பெயர் முதலில் வந்ததா பின்னால் வந்ததா என்பதிலும் குழப்பம். எழுதியவருக்கு நம் பெயர் வழக்கம் தெரியாது, கைநாட்டு வைத்தவருக்கு எழுதியதை வாசிக்கத் தெரியாது. யாரையும் குற்றம் சொல்வதற்காக எழுதவில்லை, தேடும்போது இதை மனதில் வைக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். ஒரு பெயரில் இல்லையென்றால் வேறு எழுத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு துண்டுக் கடதாசியில் நான்கைந்து விதமாக எழுதிக்கொண்டு போங்கள்.

தோட்டத்தின் பெயரும் அப்படித்தான். புத்தகத்தில் இருப்பது ஆங்கிலப் பெயர். சனம் கூப்பிடுவது வேறொரு பெயர். அம்மா சொல்வது மேப்பிரிவு, கீழ்ப்பிரிவு, நடுக்கணக்கு என்று டிவிசன் பெயராக இருக்கும். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோதும், 1992இல் மறுபடி கம்பனிகளிடம் நிர்வாகம் போனபோதும் சில தோட்டங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள், சிலதைப் பிரித்தார்கள். பழைய சம்பளச் சீட்டோ பேர்ப்பதிவுத் துண்டோ பெட்டிக்குள் கிடந்தால் அதில் உள்ள தோட்டப் பெயரை அப்படியே பார்த்து எழுதுங்கள்.

மொழி உரிமையும் தெரிந்திருக்கட்டும். நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகளும், பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை உள்ளிட்ட பதுளை மாவட்டப் பிரிவுகள் பலவும் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. அங்கே தமிழில் விண்ணப்பிக்கலாம், தமிழில் பதில் கேட்கலாம். அப்படி அறிவிக்கப்படாத இடத்திலும் கூட, பதிவேட்டின் பிரதியையோ அதன் மொழிபெயர்ப்பையோ தமிழில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை இடம் கொடுக்கிறது. தமிழ் தெரிந்த லிகிதர் லீவு என்று சொன்னால், அவர் எந்த நாளில் வருவார் என்று கேட்டுக்கொண்டு அந்த நாளில் போவது நடைமுறைக்கு நல்லது. ஆனால் தெரியாத மொழியில் எழுதிய படிவத்தில் அம்மா கைநாட்டு வைக்க வேண்டாம். நம் வீடுகளின் பாதிக் கரைச்சல் அங்கேதான் தொடங்கியது.

கிறிஸ்தவக் குடும்பங்கள் கோயில் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். தேவாலயத்தில் போதகரோ குருவானவரோ நடத்தும் திருமணத்தின் பதிவு அரசாங்கத்துக்குப் போவதோடு, பங்குப் புத்தகத்திலும் இருக்கும். தோட்டத் தமிழர் மத்தியில் 1854இலேயே அங்கிலிக்கன் மிஷன் வேலை தொடங்கியது. அதனால் அரசாங்கப் புத்தகத்தில் கிடைக்காத பாட்டன் காலத்து ஞானஸ்நானமும் விவாகமும் கோயில் புத்தகத்தில் கிடைப்பதுண்டு.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இந்தியாவுக்குப் போன குடும்பங்களிலிருந்தும், தமிழ்நாட்டில் கூடலூர், கோத்தகிரிப் பக்கமிருந்தும் பேரப்பிள்ளைகள் இப்போது இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கும் வழி இதுதான். கப்பலேறியபோது கொண்டுபோன குடும்ப அட்டையிலும் கடவுச்சீட்டிலும் தோட்டப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டம் தெரிந்தால் பிரிவு தெரியும், பிரிவு தெரிந்தால் புத்தகத்தை நெருங்கிவிடலாம்.

எல்லாம் தேடியும் பதிவு இல்லையென்றால்? அப்பா தவறிவிட்டபடியால் இனிப் பதிவு செய்ய வழியில்லை, அதை நேராகவே சொல்கிறேன். பின்தேதியிட்டு எழுதித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் ஓடிவிடுங்கள். அது குற்றம், அம்மாவையும் சேர்த்து இழுத்துவிடும். முதலில், அப்பா தன் ஈ.பி.எஃப்.க்கு அம்மாவைப் பயனாளியாக நியமித்துக் கையெழுத்து வைத்திருக்கிறாரா என்று தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். நியமனம் இருந்தால் பாதை எளிது. இல்லையென்றால், தேடியும் பதிவு கிடைக்கவில்லை என்பதைப் பிரதேச செயலகத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழில் மனைவி பிள்ளைகளின் பெயர் இருந்தால் அது, பழைய வாக்காளர் இடாப்பு, தோட்ட ஆபீஸின் குடும்பப் பதிவு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், கல்யாணத்துக்கு வந்திருந்த மூத்தவர்களின் சத்தியக்கடதாசி இவற்றைச் சேர்த்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கல்யாண வீட்டில் சாட்சியாக நின்ற மாமாவோ சித்தப்பாவோ உயிரோடு இருக்கும்போதே அந்தச் சத்தியக்கடதாசியை எழுதி வாங்கிவிடுங்கள். நான் பார்த்ததில் மிகவும் நொந்தது, 'போன மாசம்தான் அவர் செத்தார்' என்று கேட்ட இடங்களில்தான்.

இனி உங்கள் கல்யாணம்.

'லைசன்ஸ்' என்று நீங்கள் எழுதியிருப்பதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. எல்லோருக்கும் உரிய சாதாரண வழிக்குத் தனி லைசன்ஸ் கிடையாது. விவாக அறிவித்தல் கொடுக்க வேண்டும், அது காட்சிக்கு வைக்கப்படும், ஆட்சேபம் இல்லையென்றால் பதிவாளர் அத்தாட்சிப்பத்திரம் தருவார், அதன்மேல் விவாகம் நடக்கும். அந்தக் காத்திருப்பைக் குறைத்துத் தருவதற்கும், பதிவாளரின் அலுவலகத்துக்கு வெளியே, வீட்டிலோ மண்டபத்திலோ நடத்துவதற்கும்தான் விசேட அனுமதிப்பத்திரம். அதை மாவட்டப் பதிவாளரிடம் கேட்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். அறிவித்தல் கொடுக்கிறவர் அதற்கு முன் குறைந்தது பத்து நாள் அந்தப் பிரிவில் வசித்திருக்க வேண்டும். இருவரும் ஒரே பிரிவென்றால் ஒருவர் கொடுத்தால் போதும். வெவ்வேறு பிரிவென்றால் அவரவர் தத்தம் பிரிவில் கொடுக்க வேண்டும். அறிவித்தல் பதியப்பட்டு பன்னிரண்டு நாள் கழிய வேண்டும். பத்தும் பன்னிரண்டும் இருபத்திரண்டு, உங்கள் லீவு இருபத்தொன்று. வந்து இறங்கிய பிறகு தொடங்கினால் சாதாரண வழியில் முடியாது. ஒருவர் வெளிநாட்டில் வசிக்கும்போது இங்கே இருக்கும் மற்றவர் தன் பிரிவில் அறிவித்தல் கொடுக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே நீங்கள் வருவதற்கு முன்பே, பெண் தன் பிரிவுப் பதிவாளரைச் சந்தித்து, நீங்கள் கட்டாரில் இருப்பதைச் சொல்லி, உங்களிடமிருந்து என்னென்ன கடதாசி வேண்டும் என்று கேட்கட்டும். அறிவித்தல் பதிந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் விவாகம் நடந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. அதனால் ரொம்ப முந்தியும் கொடுக்க வேண்டாம். விமான டிக்கட் போட்ட பிறகு, வருவதற்கு ஒரு மாதம் இருக்கையில் கொடுப்பது அளவாக இருக்கும். எதுவும் சரிவராவிட்டால் விசேட அனுமதிப்பத்திரம் இருக்கிறது. ஆனால் அதைக் கடைசி நாளில் போய்க் கேட்காதீர்கள்.

இருவரின் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் கட்டாயம் தேவைப்படும். முன்பு மணமானவர் என்றால் நீதிமன்றம் கொடுத்த விவாகரத்துத் தீர்ப்போ, முந்திய துணையின் மரணச் சான்றிதழோ வேண்டும். பஞ்சாயத்தில் அறுத்துவிட்டோம், தலைவர் முன்னால் எழுதி வாங்கிவிட்டோம் என்பது இங்கே செல்லாது. வயது இருவருக்கும் 18 நிறைந்திருக்க வேண்டும். 1995வரை சட்டப் புத்தகத்தில் பெண்ணுக்கு 12 வயதே போதும் என்றிருந்தது. இன்றைக்கு 18க்குக் கீழே பெற்றோர் சம்மதித்தாலும் பதிய முடியாது.

உங்களுக்கு இல்லாவிட்டாலும் வாசிக்கும் யாருக்காவது இது தேவைப்படும். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துக்குச் சட்டத்தில் தடையில்லை. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவது நம் வழக்கத்தில் முறைதான், உரிமை என்றுகூடச் சொல்வோம். ஆனால் 1907ஆம் ஆண்டுச் சட்டம் சகோதரியின் மகளை மணப்பதைத் தடுக்கப்பட்ட உறவில் வைத்திருக்கிறது. அப்படியான விவாகம் செல்லாது. உறவை மறைத்துப் பதிந்தால் அது குற்றம், பின்னால் சொத்து விஷயம் வரும்போது வேறு யாராவது கிளப்பிவிடுவார்கள், துன்பம் முழுக்க அந்தப் பெண்ணின் தலையில் விழும். பேச்சுக்கால் நடக்கும்போதே பெரியவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். தமிழரும் சிங்களவரும், தமிழரும் முஸ்லிமும் மணம் முடித்தாலும் பதிவது இதே பொதுச் சட்டத்தின் கீழ்தான்.

பதியும் நாளில் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இடையில், கதவு திறந்திருக்க, குறைந்தது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பதிவாளர் கேட்பார், நீங்கள் இருவரும் சம்மதம் சொல்லிக் கையெழுத்து வைப்பீர்கள். விடியற்காலை நாலரைக்கு முகூர்த்தம் என்றால், பதிவை வேறு நேரத்தில் வைத்துக்கொள்வதே எளிது. பல வீடுகளில் பதிவை முதல் நாளே முடித்துவிடுகிறார்கள், அதுவும் நல்லதுதான்.

பதிவாகாமல் பல வருடம் சேர்ந்து வாழ்ந்து பிள்ளைகளும் இருக்கும் தம்பதிகள் இந்தப் பதிலை வாசித்தால், வெட்கப்படாமல் போய்ப் பதியுங்கள். பதிவில் எழுதுவது அன்றைய தேதியாக இருந்தாலும், பெற்றோர் சட்டப்படி மணம் முடிப்பதால், அவர்களுக்கு அதற்கு முன்பே பிறந்த பிள்ளைகளுக்கும் சட்டப்படியான பிள்ளைகள் என்ற உரிமை வந்துவிடுகிறது. பிறந்த காலத்தில் இருவரில் ஒருவர் வேறொருவருக்கு மணமானவராக இருந்தால் மட்டும் அது பொருந்தாது. ஏழு பேர்ச்சஸ் காணிக்கும் வீட்டுக்கும் உறுதி எழுதும் காலம் இது, இரண்டு பேரின் பெயரும் வரவேண்டிய இடத்தில் ஒருவர் பெயர் விடுபடக் கூடாது. முக்கியமாக, கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ வேலைக்குப் போகிற பிள்ளைகள், போவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள்.

கடைசியாக, பேனை கைக்கு வரும் நேரத்தில் செய்ய வேண்டியது. பதிவாளர் எழுதி முடித்து உங்கள் பக்கம் புத்தகத்தைத் திருப்புவார். சுற்றி நிற்கிறவர்கள் போட்டோ எடுக்க அவசரப்படுத்துவார்கள். ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். உங்கள் பெயர், பெண்ணின் பெயர், இரண்டு தந்தைமாரின் பெயர், பிறந்த தேதி இவற்றைப் பிறப்புச் சான்றிதழையும் கடவுச்சீட்டையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நாளைக்குப் பெண்ணைக் கட்டாருக்குக் கூப்பிட விசா போடும்போது, மொழிபெயர்த்து வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் அத்தாட்சிப்படுத்தப் போவது இந்தப் பக்கத்தின் பிரதியைத்தான். கடவுச்சீட்டில் ஒரு எழுத்தும் இதில் ஒரு எழுத்துமாக இருந்தால் அங்கே நின்றுவிடும். பெண்ணின் பெயரில் 'ழ' இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதைச் சொல்கிறேன். அம்மாவின் பதிவு கிடைத்ததும் பதிவிலக்கத்தையும் பிரிவின் பெயரையும் ஒரு துண்டில் எழுதி, உங்கள் சான்றிதழோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள்.